குருணைப் பூண்டும் காங்கேயம் காளையும்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழனியாத்தாள் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு தெருவைக் காட்டுவார்கள். கேன் அக்கா என்று கேளுங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து வழி சொல்வார். "நேராப் போங்க, பம்புசெட் பட்டறைக்கு அக்கட்ட வெள்ளைக் கட்டடம். உள்ள ஒரு சத்தம் கேக்கும். அதுதானுங்க அக்கா" என்பார்.

அந்த வெள்ளைக் கட்டடம் ஒரு திசு வளர்ப்புக் கூடம். செடியின் நுனியிலிருந்து துளியூண்டு கிள்ளி எடுத்து, பாட்டிலில் சத்துக்கூழ் ஊற்றி, அதில் வைத்து வளர்க்கிற இடம். அழியப் போகிற பயிர் ரகங்களை உறைய வைத்துக் காப்பாற்றுகிற வேலையும் அங்கே நடக்கிறது. அதற்கென்று இடுப்பளவு உயரத்தில், தொப்பை போட்ட பால் கேன் மாதிரி ஓர் அலுமினியக் கேன். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. விரல் பட்டால் விரல் நம்முடையது இல்லை. இந்தக் கேனுக்கு முழுப் பொறுப்பு, எட்டாவது வரை படித்த பழனியாத்தாள். பட்டம் வாங்கியவர்கள் இத்தனை பேர் இருக்க அது எப்படி என்று புருவத்தைத் தூக்குகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கட்டும்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. அப்பனும் ஆத்தாளும் பிறத்தியார் தோட்டத்தில் களை வெட்டியவர்கள். இவள் பதினேழு வயதில் மோட்டார் பட்டறைக்குக் காயில் சுற்றப் போனாள். தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி. ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் சுற்றினாள். அவள் சுற்றிய மோட்டாரில் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள், கேட்க ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. புருஷன் காளிச்சாமி லேத் பட்டறைக்காரர், வாயைத் திறக்காத மனிதர். அந்த வீட்டுக்கு ஒதுக்கிய பேச்சு முழுவதையும் பழனியாத்தாளே எடுத்துக்கொண்டதால் அவருக்குப் பங்கு வரவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

பட்டறையில் காயில் சுற்ற மெஷின் வந்த பிறகு அவள் இந்தக் கூடத்தில் பாட்டில் கழுவச் சேர்ந்தாள். பாட்டில் கழுவுவது ஒரு சோலியா என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். சரியாகக் கழுவாத பாட்டிலில் நாலாம் நாள் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை நின்றதைப் பார்த்ததும் நினைப்பை மாற்றிக்கொண்டாள்.

அங்கே ஆராய்ச்சி பார்க்கிறவள் நந்திதா. முப்பத்தொரு வயது, கோயம்புத்தூர்ப் பெண், படிப்பில் புலி. ஒரு நாள் அந்தப் புலி மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. உரித்து உரித்து, நடுவில் இருக்கும் வெள்ளைக் குருத்தை, கடுகில் பாதி அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த குருத்தெல்லாம் நசுங்கியது. நந்திதா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பூண்டுக் காரத்தால் மட்டும் அல்ல.

தரை துடைத்துக்கொண்டிருந்த பழனியாத்தாள் எட்டிப் பார்த்தாள். "அம்மணி, நான் ஒருக்காப் பாக்கட்டுங்களா?"

"இது நெம்பச் சின்னதுங்க்கா."

"செம்புக் கம்பியவே பாத்த கண்ணுங்க இது."

கை கழுவி, உறை மாட்டி, உட்கார்ந்தாள். முதல் குருத்து நசுங்கியது. இரண்டாவது சாய்ந்து வெட்டுப்பட்டது. மூன்றாவது நுனி கலையாமல் கத்தி முனையில் வந்து நின்றது. நந்திதா அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள். அன்று முதல் பாட்டில் கழுவ வேறு ஆள்.

அந்தப் பூண்டுக்குக் குருணைப் பூண்டு என்று பெயர். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீடுகளின் பின்னால் சின்னப் பாத்தி கட்டி வளர்த்தது. பல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான். ஒரு பல்லை நசுக்கினால் மூன்றாவது வீட்டில் ரசம் என்று தெரிந்துவிடும். மற்ற மலைப்பூண்டு நல்ல குளிர் இல்லாவிட்டால் திரளாது. இது வால்பாறையின் கொட்டுகிற மழையிலும் திரண்டது. பூண்டுக்கு விதை கிடையாது, பல்லை நட்டுத்தான் பூண்டு. ஒரு வருஷம் நடப் பல் இல்லையென்றால் ரகமே போச்சு. அப்படித்தான் இரண்டு வருஷம் அழுகல் நோய் வந்து, லைன் வீட்டுப் பாத்தி ஒன்றிலும் மிச்சமில்லாமல் போயிற்று. நந்திதா கொண்டுவந்த கடைசிப் பூண்டுகளிலிருந்து பழனியாத்தாள் இரண்டு மாதம் உட்கார்ந்து எடுத்தது இருநூற்று நாற்பது குருத்து. ஒரு குப்பிக்குப் பத்து வீதம் இருபத்து நாலு குப்பி. பாட்டிலில் தனியாக வளர்த்து வைத்திருந்ததைக் கோடையில் பூஞ்சை தின்றுவிட்டது. பாதிக் குப்பியை வேறொரு கூடத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று நந்திதா மூன்று மாதமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆக, உலகத்தில் குருணைப் பூண்டு என்று மிச்சம் இருந்தது அந்த இருபத்து நாலு குப்பிதான்.

"தூங்க வெச்சிருக்குதுங்க" என்று பார்க்க வருகிறவர்களுக்குப் பழனியாத்தாள் விளக்குவாள். "சாகவும் இல்ல, வளரவும் இல்ல. நாம எழுப்புற வரைக்கும் தூங்கும். ஆனா கேன விட்டு எடுத்து ரெண்டு நிமிசம் வெளிய வெச்சீங்கன்னா முடிஞ்சுது சோலி."

குப்பிகள் இருந்தது கேனிஸ்டரில். ஒரு சாண் உயரத் தகர உருளை, அதற்கு நீண்ட கைப்பிடிக் கம்பி. உருளை நைட்ரஜனுக்குள் முங்கியிருக்கும், கைப்பிடி கேனின் கழுத்தில் மாட்டித் தொங்கும். கைப்பிடியில் ஒட்டிய ஸ்டிக்கர் உறைபனியில் உரிந்து விழுந்தது. எண் அடித்த தகடு வாங்கி மாட்டிவிடலாம் என்றாள் நந்திதா.

"அதெதுக்குங்க அம்மணி வெட்டிச் செலவு?" என்று பழனியாத்தாள் ஒரு நூலை மஞ்சளில் தோய்த்துக் கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டாள். "இப்பப் பாருங்க. மஞ்சக் கயிறு கட்டுனது நம்மூட்டுது. ஆயிரத்துல நின்னாலும் தெரியும்."

ஆயிரம் எதற்கு, ஆறே போதுமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் கேனுக்கு வேர்த்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி. பழனியாத்தாள் மர ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாள். ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல்தான். கேனின் இரட்டைச் சுவருக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் போய்விட்டது; மத்தியானத்துக்குள் நைட்ரஜன் எல்லாம் ஆவியாகிவிடும். அவள் முதலில் முகமது ரியாஸுக்குப் போன் போட்டாள், பிறகுதான் நந்திதாவுக்கு.

ரியாஸ் நைட்ரஜன் வண்டிக்காரன். உக்கடத்துக்காரன், முப்பத்தைந்து வயது. இந்தக் கூடத்துக்கு மட்டும் அல்ல, சுற்றுவட்டாரப் பால் சங்கங்களின் சினை ஊசி நிலையங்களுக்கும் அவன்தான் நைட்ரஜன் ஊற்றுகிறவன். காளைகளின் விந்தும் அதே மாதிரிக் கேனில், அதே நைட்ரஜனில்தான் இருக்கும். அந்த ஊசிக் குச்சிகளையும் கேனிஸ்டரில் போட்டு அவனே ஊர் ஊராகக் கொடுத்துவருவான். கூப்பிட்ட அரை மணியில் வந்து நின்றான்.

"புதுக் கேனு லீவு முடிஞ்சுதாங்க்கா வரும். அதுவரைக்கும் எங் கேன்ல மாட்டிக்கலாம். அஞ்சு கேனிஸ்டர் இருக்குது, ஆறாவது கொக்கி காலிதான்."

"பத்தரம் தம்பி. நம்மளுதுல மஞ்சக் கயிறு கட்டியிருக்குது."

"பாத்துட்டனுங்க. எங்குளுதுல ஒண்ணுலயும் கயிறே கெடையாது. மாறவே மாறாது."

இரண்டு பேரும் சேர்ந்து குருணைப் பூண்டை அவன் கேனில் மாட்டினார்கள். ரியாஸ் வண்டியை நைட்ரஜன் டிப்போவில் விட்டுவிட்டு, இரண்டு நாள் லீவுக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் டிப்போவில் ஆயுத பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? ஸ்பேனருக்குப் பொட்டு, ஸ்டெப்னிக்குப் பொட்டு, கால்குலேட்டருக்குப் பொட்டு. டிப்போ ஆட்கள் வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கேனுக்குப் பட்டை போட்டு, மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஆறு கைப்பிடி. ஒன்றில் மட்டும் மஞ்சள் கயிறு. மற்ற ஐந்தும் பாவம் மொட்டையாக நிற்கின்றனவே என்று யாரோ ஒரு புண்ணியவான் அவற்றுக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டான்.

லீவு முடிந்து வந்த ரியாஸ், ஸ்டீயரிங் மேலிருந்த பொரி பொட்டலத்தைத் தின்றுகொண்டே ஐந்து நிலையங்களுக்கும் ஆளுக்கொரு கேனிஸ்டர் கொடுத்தான். கொக்கி வரிசை பார்க்காமல், நைட்ரஜன் புகையில் கைக்கு வந்ததை எடுத்தான். கடைசியாகப் பெரியநாயக்கன்பாளையம் வந்து புதுக் கேனை இறக்கியபோது அவன் கேனில் மிச்சம் ஒரே ஒரு கேனிஸ்டர். அதில் மஞ்சள் கயிறு. அவனுக்கும் சந்தேகம் இல்லை, பழனியாத்தாளுக்கும் சந்தேகம் இல்லை. மாட்டி, மூடி, பொரி தின்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பழைய கேன் கெட்டதில் குருத்துக்கு எதுவும் ஆகியிருக்குமோ என்று ஒரு குப்பியை எழுப்பிப் பார்த்துவிடலாம் என்றாள் நந்திதா. பழனியாத்தாள் கைப்பிடியைத் தூக்கினாள். உள்ளே குப்பி இல்லை. ரோஜா நிறத்தில் மெல்லிய குச்சிகள், கட்டுக் கட்டாக.

நந்திதா குனிந்து பார்த்தாள். "என்னங்க்கா இது? ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி?"

பழனியாத்தாள் இடுக்கியால் ஒன்றை எடுத்து அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். காங்கேயம் என்று இருந்தது, பிறகு ஓர் எண். சட்டென்று குச்சியை உள்ளே விட்டு, கேனிஸ்டரை இறக்கி, மூடியை மூடினாள். வீட்டில் மாடு வைத்திருப்பவள், தெரியாதா?

"அம்மணி... இது மாட்டு ஊசிங்க."

"என்ன ஊசி?"

"சினை ஊசிங்க! காங்கேயம் காளையோடது! அட கருமமே, நம்ம பூண்டு எந்த மாட்டுக்குப் போகுதோ!"

நந்திதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை நிமிஷம் சிரித்தாள். அப்புறம் விஷயம் உறைத்தது. முகம் வெளுத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பழனியாத்தாள் தாங்கியிருப்பாள்.

"தகடு வேண்டாம்னது நாந்தானுங்க" என்றாள். "நானே போயிக் கொண்டாரனுங்க."

ரியாஸ் வந்தான். காங்கேயம் ஊசி யாருக்குப் போக வேண்டியது என்று அவன் சீட்டில் இருந்தது: செங்காட்டுப்புதூர் நிலையம். மற்ற நாலு நிலையத்துக்கும் ஜெர்சி; போனில் கேட்டதில் நாலிலும் ஊசிக் குச்சிதான் இருந்தது. அப்படியென்றால் பூண்டு செங்காட்டுப்புதூரில்தான் இருக்க வேண்டும். அங்கே போன் போட்டார்கள், எடுக்கவில்லை. கையடக்கக் கேனில் நைட்ரஜன் ஊற்றி, காங்கேயம் காளையை அதில் ஏற்றி, பழனியாத்தாள் அதைக் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள்.

"எந் தப்புங்க்கா. கயிறப் பாத்தேன், உள்ள பாக்கல."

"எந் தப்பு தம்பி. கயித்த நம்புனவ நானு."

"இல்லீங்க, பொரி தின்னுபோட்டே குடுத்தனுங்க."

"பொரிய நானுந்தான் தின்னேன். நீ வெசையாப் போ."

காரமடை தாண்டும் வரை தப்புக்கு இரண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பழனியாத்தாளின் நினைப்பு முழுக்கச் செங்காட்டுப்புதூரில் இருந்தது. அங்கே ஊசி எடுக்க யாராவது கேனிஸ்டரைத் தூக்கியிருப்பார்கள். தூக்கி, என்ன இது என்று வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால்? குப்பியைக் குப்பைக்கூடையில் கொட்டியிருந்தால்? இரண்டு மாதம் கழுத்து வலிக்க வலிக்க எடுத்த குருத்து. ஒவ்வொன்றும் அவள் கத்தி முனையில் நின்றது.

செங்காட்டுப்புதூர் நிலையத்தின் வாசலில் ஒரு கிடாரி கத்திக்கொண்டிருந்தது. அதைவிடச் சத்தமாக ஒரு பெண்மணி கத்திக்கொண்டிருந்தார். சொந்தத் தோட்டமுள்ள வீட்டுத் தெய்வாத்தாள், அறுபது வயது, கழுத்தில் கனத்த சங்கிலி, கையில் கிடாரியின் கயிறு. எதிரே கால்நடை டாக்டர் லோகப்பிரியா, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஜெர்சி இருக்குதுங்கம்மா. அதப் போட்டுறட்டுங்களா?"

"ஏனம்மா, எங் கிடாரி காங்கேயம். நாங் கேக்கறதும் காங்கேயம். பொழுது சாஞ்சா இதுக்குப் பருவம் போயிரும், அப்பறம் இருவத்தொரு நாளைக்கு யாரு காத்துட்டிருக்கறது? வரச்சொன்னது நீங்க, வந்து பாத்தா என்னமோ மருந்து பாட்டலு இருக்குதுங்கறீங்க!"

பழனியாத்தாள் வண்டி நிற்பதற்குள் குதித்தாள். "டாக்டரம்மா, அந்தப் பாட்டலு எங்கீங்க? கேன்ல இருக்குதுங்களா?"

"நீங்க யாருங்க?"

"நாம் பூண்டுக்காரிங்க! உங்க காளை எங்கிட்ட இருக்குது!"

தெய்வாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரியாஸ் இடையில் புகுந்து, மூச்சு வாங்க மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். லோகப்பிரியாவுக்கு உயிர் வந்தது. "கேன்லயேதானுங்க இருக்குது. ஏதோ முக்கியமானதுன்னு தெரிஞ்சுது, நான் தொடவே இல்ல. தூக்கிப் பாத்துட்டு உடனே எறக்கிட்டேன்."

"எங்க உடனே?" என்றார் தெய்வாத்தாள். "நாம் பாத்துட்டுத்தான நின்னேன்? மூணுவாட்டி தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. கடேசிவாட்டி ஒரு டம்ளர் காப்பி குடிச்சிருக்கலாம்."

"அய்யோ இல்லீங்க! பத்து செகண்டுகூட இருக்காது!"

"காப்பி குடிக்கிற நேரமுங்க."

பத்து விநாடியா, ஒரு டம்ளர் காப்பியா? பத்து விநாடி என்றால் குருத்து பிழைத்திருக்கும். காப்பி என்றால் எல்லாம் முடிந்தது. பழனியாத்தாள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் பயத்தில் குறைத்துச் சொல்லலாம், அம்மா கோபத்தில் கூட்டிச் சொல்லலாம். கேனைத் திறந்து, கேனிஸ்டரைக் கழுத்துவரை மட்டும் தூக்கி எட்டிப் பார்த்தாள். இருபத்து நாலு குப்பியும் இருந்தன. பொசுக்கென்று இறக்கினாள். பார்த்தால் தெரிகிற விஷயமா அது? செத்த குருத்தும் வெள்ளை, உயிருள்ள குருத்தும் வெள்ளை.

"மொதல்ல உங்க சோலியப் பாருங்க" என்று காங்கேயம் கேனைத் தூக்கி டாக்டரிடம் கொடுத்தாள்.

லோகப்பிரியா ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைத்தாள். பழனியாத்தாள் அதை வாய் பிளந்து பார்த்தாள். "எங்க சோலியும் அச்சு அசலா இதேதானுங்க டாக்டரம்மா! எங்குளுக்குச் சக்கரைத் தண்ணி, அம்புட்டுத்தான்."

கிடாரி உதைக்கிற சாதி. ரியாஸ் கயிற்றைப் பிடிக்க, பழனியாத்தாள் வாலைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, நில்லு கண்ணு" என்று பேச்சுக் கொடுத்தாள். அவள் பேச்சில் மயங்கியோ சலித்தோ, கிடாரி அசையாமல் நின்றது. ஊசி போட்டு முடித்தார்கள். தெய்வாத்தாளின் கோபம் கரைந்தது. வண்டிக்குள் ஒரு பை எலுமிச்சம்பழத்தை வைத்தார். "உங்க பூண்டும் நல்லா வரும், போங்க" என்றார். பிறகு, கொஞ்சம் சங்கடத்தோடு, "காப்பின்னது... சின்ன டம்ளர்தான்" என்றார்.

கிடாரிக்கு அந்த ஊசியில் சினை பிடித்தது. மூன்றாம் மாதம் லோகப்பிரியா சோதித்துச் சொல்லி, தெய்வாத்தாள் நிலையத்துக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார் என்பது பின்னால் நடந்தது. நாம் பூண்டைப் பார்ப்போம்.

கூடத்துக்குத் திரும்பியதும் குப்பிகளைப் புதுக் கேனில் வைத்தார்கள். நந்திதா ஒரே ஒரு குப்பியை வெளியே எடுத்து, சர்க்கரைக் கரைசலில் எழுப்பினாள். பத்துக் குருத்தையும், கண்ணாடி வட்டில் ஊற்றிய சத்துக்கூழில் பழனியாத்தாளே வைத்தாள். மூடி போட்டு, ஒரு வாரம் இருட்டில், அப்புறம் மங்கல் வெளிச்சத்தில். இதில் முளைத்தால் மற்ற இருபத்து மூன்றிலும் உயிர் இருக்கிறது. முளைக்காவிட்டால் இனி யாரும் குருணைப் பூண்டைப் பார்க்கப் போவதில்லை.

"அம்மணி" என்றாள் கை கழுவிக்கொண்டே. "கேன வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்க. நான் பழையபடி பாட்டலே கழுவிக்கறனுங்க."

"மொதல்ல மொளைக்கட்டும்க்கா. அப்பறம் பேசிக்கலாம்" என்றாள் நந்திதா.

அந்த நாட்களில் பழனியாத்தாள் பேச்சைக் குறைத்துவிட்டாள். கூடம் கூடமாக இல்லை. டீக்கடையில் விசாரித்தார்கள். வீட்டில் காளிச்சாமி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் சோற்றில் கை வைத்தவர், "இன்னிக்கு வெயில் சாஸ்தி" என்றார். பதில் இல்லை. "லேத்துக்குப் புது பெல்ட்டு போட்டிருக்குது." பதில் இல்லை. "பக்கத்தூட்டுக்காரங்க மாடிப்படி கட்டறாங்க." வருஷம் முழுக்கப் பேசாததை அந்த வாரம் பேசித் தீர்த்தார் மனுஷன். கடைசியில், "பூண்டு வரும், நீ சோத்தத் தின்னு" என்றார். பழனியாத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள், தின்றாள்.

ரியாஸ் தினமும் போன் போட்டான். லோகப்பிரியா கேட்டாள். தெய்வாத்தாள் ரியாஸிடம் நம்பர் வாங்கி, ஒருநாள் தானே போன் செய்தார்: "ஏனம்மா, நல்லா நெனச்சுப் பாத்தேன், காப்பி குடிக்கிற நேரமெல்லாம் இருக்காது."

ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது ஒன்பது வெள்ளையாகவே இருந்தன. ஒன்று ஓரத்தில் பழுத்துக் கறுத்திருந்தது. "இன்னும் பாக்கலாம்க்கா" என்றாள் நந்திதா. குரலில் உறுதி இல்லை. ஒன்பதாம் நாளும் வெள்ளை. பதினோராம் நாள் பழனியாத்தாள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

பதிமூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பழனியாத்தாள் வேறு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து நந்திதாவின் குரல் வந்தது. கூப்பிட்டது போலவும் இல்லை, கத்தியது போலவும் இல்லை.

"அக்கா..."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். நந்திதா வட்டை மைக்ராஸ்கோப் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். கன்னமெல்லாம் ஈரம். பழனியாத்தாள் குனிந்தாள். வெள்ளைக் குருத்தின் நுனி வளைந்து, அந்த வளைவில் பச்சை. நல்ல, கொழுந்துப் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

"சாமீ!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பம்புசெட் பட்டறையில் இரண்டு பேர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். நந்திதாவைக் கட்டிக்கொண்டாள். நந்திதா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மேல்கோட்டும் தலைத்தொப்பியுமாகக் குதித்ததில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்தது. ரியாஸுக்குப் போன் போட்டு, "பொழைச்சுக்கிச்சு தம்பி, பொழைச்சுக்கிச்சு!" என்று சொன்னாள். அந்தப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திய ரியாஸ் என்ன பேசினான் என்று இவளுக்குக் கேட்கவில்லை. இவள் எங்கே அவனைப் பேச விட்டாள்?

மூச்சு வாங்கி அடங்கியதும் நந்திதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். அவள் சுபாவம் அப்படி, சந்தோஷத்தையும் எண்ணித்தான் நம்புவாள். வட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி, பத்துக்கு எட்டு என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"செவ்வாக்கெழமை ரியாஸ் வர்றாருங்க்கா. தகடு வந்திருச்சு, கேன்ல நீங்கதான் மாட்டோணும். பாதிக் குப்பிய அனுப்பறதுக்கும் அன்னிக்கே ஏற்பாடு பண்ணிருங்க. கேனு உங்களுதுதான். பாட்டில் கழுவறேன்னு இனிமே எங்கிட்ட சொல்லக் கூடாது."

பழனியாத்தாள் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். வட்டை ஒரு நூல் இந்தப் பக்கம் திருப்பினாள், ஒரு நூல் அந்தப் பக்கம் திருப்பினாள். கறுத்துப்போன குருத்துக்குப் பக்கத்தில் இருந்ததையே வெகு நேரம் பார்த்தாள். நந்திதா பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"அழிச்சு எழுதுங்க அம்மணி" என்றாள் பழனியாத்தாள், கண்ணை எடுக்காமல். "ஒம்பது."